அகராதியைக் கொஞ்சம் மூடி வையுங்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வாசிப்பின் வழியே ஆங்கிலச் சொல்வளம்' என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள். நல்ல தலைப்பு. ஆனால் எதை வாசிப்பது என்று அதில் இல்லை. வம்பே அங்கேதான் இருக்கிறது. அதனால் இன்று ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். சலிப்புத் தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கஷ்டமான புத்தகத்தோடு மல்லுக்கட்டினால் ஆங்கிலம் வராது. சுலபமான புத்தகத்தைப் படித்தால் வரும். தினமும் படித்தால் வரும். நிறையப் படித்தால் வரும்.

'என்ன இவர், மேடையேறி நின்று பிள்ளைகளைச் சோம்பேறி ஆக்கப் பார்க்கிறாரே' என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துவிட்டால் போதும். மாமா சொல்வார், சித்தப்பா சொல்வார், எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் சொல்வார்: "தினமும் ஹிந்து பேப்பர் படிடா, இங்கிலீஷ் தானா வரும்." எத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! அந்தப் பத்திரிகை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அதைப் படிக்கிறவன்தான். ஆனால் அதில் தலையங்கம் எழுதுகிறவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்காகவா எழுதுகிறார்?

என்ன நடக்கிறது என்று பாருங்கள். பையன் உட்காருகிறான். இடப்பக்கம் பேப்பர், வலப்பக்கம் லிப்கோ டிக்‌ஷனரி, கையில் பென்சில். முதல் வாக்கியத்திலேயே மூன்று சொல் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, அந்தச் சொல்லின் தலைக்கு மேலே பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம் எழுதுகிறான். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஐந்து அர்த்தம் போட்டிருக்கும். எது பொருந்தும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? முதலாவதை எழுதிக்கொள்கிறான். இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போது முதல் வாக்கியம் எதைப் பற்றி என்பது மறந்து போயிருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் ஒரு பத்தி. நாலாம் நாள் பேப்பர் பிரிக்கப்படாமலேயே கிடக்கிறது. மாதக் கடைசியில் பழைய பேப்பர்க்காரர் எடைபோட்டு எடுத்துக்கொண்டு போகிறார்.

அந்தப் பையனுக்கு என்ன தோன்றும்? 'நமக்கு மூளை இல்லை' என்று தோன்றும். 'இங்கிலீஷ் எல்லாம் கான்வென்ட் பிள்ளைகளுக்குத்தான்' என்று தோன்றும். மூளையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பக்கத்தில் 300 சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 80 உங்களுக்குத் தெரியும். 80 மார்க் என்றால் நாம் மிட்டாய் கொடுப்போம். ஆனால் தெரியாத சொல் எத்தனை? 60. ஒரு பக்கத்தில் 60 பள்ளம் இருந்தால் எங்கே கால் வைப்பது? நூற்றுக்கு 95 தெரிந்தால், தெரியாதவை 15. நூற்றுக்கு 98 தெரிந்தால், தெரியாதவை வெறும் 6.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் மார்செல்லா ஹூ, பால் நேஷன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கதையை எடுத்துக்கொண்டார்கள். அதில் சில சொற்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத போலிச் சொற்களைச் செருகினார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த மாணவர்களிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு 80 சொல் தெரிந்த நிலையில் எத்தனை பேருக்குக் கதை சரிவரப் புரிந்தது தெரியுமா? ஒருவருக்குக்கூட இல்லை. 95 ஆன பிறகும் பலர் தடுமாறினார்கள். யார் துணையும் இல்லாமல், நிம்மதியாகக் கதை படிக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 98 வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

இந்த நேஷன் நியூஸிலாந்துக்காரர். சொற்களை எண்ணுவதிலேயே வாழ்நாளைச் செலவழித்தவர். ஆங்கிலத்தில் அதிகம் புழங்குகிற முதல் 2,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கிற வடிவங்களும் சேர்ந்தால் ஒரு குடும்பம்) தெரிந்தால், எழுத்தில் வருகிற பத்துச் சொல்லில் எட்டு பிடிபட்டுவிடும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாவலையும் செய்தித்தாளையும் அந்த 98 சதவீத அளவில் படிக்க எத்தனை வேண்டும்? 2006இல் அவரே கணக்கிட்டுச் சொன்னார்: 8,000 முதல் 9,000 குடும்பங்கள். நம் பையனிடம் 2,000 இருக்கலாம். அவன் கையில் 9,000 கேட்கிற பேப்பரைக் கொடுத்துவிட்டு, 'தானா வரும்' என்கிறோம். தானாக எப்படி வரும்?

இந்தக் கஷ்டத்தை நம் பக்கத்து மண்ணிலேயே ஒருவர் கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பு கண்டுபிடித்தார். மைக்கேல் வெஸ்ட் என்று பெயர். ஆங்கிலேயர். அன்றைய வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். வங்காளப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் ஆங்கிலம் படிக்கிறார்கள். கடைசியில் ஒரு சாதாரணப் புத்தகத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. ஏன் என்று பார்த்தார்.

முதலில் அவர் கேட்ட கேள்வியே நம்மை உலுக்கக் கூடியது. நிறையப் பிள்ளைகள் படிப்பை நடுவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். போகிறவன் கையில் என்ன மிஞ்சுகிறது? இதற்கு அவர் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துப் பயன்படுத்தினார்: சரண்டர் வேல்யூ. எல்.ஐ.சி. பாலிசி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். பாலிசியைப் பாதியில் ஒப்படைத்தால் கைக்கு எவ்வளவு வரும்? ஆங்கிலப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கைக்கு எவ்வளவு வரும்? ஒன்றுமே வராது என்றால் அந்தப் படிப்பில் எங்கோ தப்பு இருக்கிறது. ஆனால் வாசிக்கப் பழகிவிட்டவன் எந்த வகுப்போடு நின்றாலும் வாசிப்பு அவனோடு போகும். அதனால் வாசிப்பு முதலில் வரட்டும் என்றார் வெஸ்ட்.

பிறகு பாடப் புத்தகங்களைப் பிரித்தார். புதுச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன.  அதிலும் பல, பிள்ளை வாழ்நாளில் மறுபடி சந்திக்கவே போகாத அபூர்வச் சொற்கள். வெஸ்ட் என்ன செய்தார்? அபூர்வச் சொல்லை எடுத்துவிட்டுப் புழக்கத்தில் இருக்கிற சொல்லைப் போட்டார். புதுச் சொல் என்றால் ஏறத்தாழ ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான். வந்த சொல்லை அடுத்தடுத்த பக்கங்களில் மறுபடி மறுபடி கொண்டுவந்தார். 'நியூ மெத்தட் ரீடர்ஸ்' என்ற வரிசை அப்படித்தான் பிறந்தது. ஐம்பதுக்கு ஒன்று என்றால் நூற்றுக்கு எவ்வளவு? இரண்டு. அதாவது 98 சதவீதம் தெரிந்த சொல்! எழுபது வருஷத்துக்கு மேல் கழித்து நேஷன் வந்து சேர்ந்த எண்ணும் அதுதான். 1953இல் வெஸ்ட் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 பொதுச்சொற்களின் பட்டியல் நெடுங்காலம் பாடநூல் எழுதுகிறவர்களுக்குக் கைவிளக்காக இருந்தது.

சரி, பட்டியல்தான் இருக்கிறதே, அதையே மனப்பாடம் செய்துவிட்டால் என்ன? தேர்வுக்குப் படிக்கிற தம்பிகள் கேட்பீர்கள். நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' 1949இல் வந்த புத்தகம். இன்றைக்கும் நடைபாதைக் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். பழைய பிரதி ஒன்றை வாங்கி ஓரத்தைப் பாருங்கள். முதல் மூன்று அத்தியாயம் அழுக்கேறிப் போயிருக்கும். மிச்சம் வெள்ளை வெளேரென்று இருக்கும். நல்ல புத்தகம்தான். ஆனால் வாசிப்பு இல்லாதவன் கையில் அதுவும் மூன்று அத்தியாயத்துக்கு மேல் தாங்காது.

ஏன் தாங்காது? ஒரு சொல்லை ஒருமுறை பார்த்ததும் அது நம்மிடம் ஒட்டிக்கொள்வதில்லை. நாகி, ஹெர்மன், ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். வாசிக்கும்போது ஒரு புதுச் சொல்லை ஒரு தடவை சந்தித்தால் அது மனதில் தங்குவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. அப்படியானால் வாசிப்பால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் அடுத்த சந்திப்பில் இருக்கிறது. அதற்கடுத்த சந்திப்பில் இருக்கிறது. தினமும் அதே பஸ்ஸில் ஏறுகிற ஒரு மனிதரை முதல் நாள் கவனிப்பதில்லை. பத்து நாளில் முகம் பழகுகிறது. ஒரு மாதத்தில் எந்த நிறுத்தத்தில் இறங்குவார், யாரோடு பேசுவார், எதற்குக் கோபப்படுவார் எல்லாம் தெரிந்துவிடுகிறது. பெயர் கேட்டு எழுதி வைத்துக்கொண்டா பழகினோம்?

இதை ஒரு சொல்லை வைத்தே பார்த்துவிடுவோம். நம் ஊரில் கிரிக்கெட் பைத்தியம் இல்லாத வீடு குறைவு. இரவு மேட்ச் பார்க்கிறோம். நம் அணி 120க்கு இரண்டு விக்கெட். அடுத்த முக்கால் மணி நேரத்தில் 150க்கு ஆல் அவுட். வயிறெரிந்து படுக்கிறோம். காலையில் ஆங்கிலப் பேப்பரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், 'பேட்டிங் கொலாப்ஸ்' என்று இருக்கிறது. 'கொலாப்ஸ்' தெரியாத சொல். அகராதி வேண்டுமா? வேண்டாம். நேற்று இரவு நம் கண்ணாலேயே பார்த்தோமே! மடமடவென்று சரிந்தது, அதுதான் கொலாப்ஸ். ஒரு வாரம் கழித்து, முதல் பக்கத்தில் மழையில் இடிந்த கட்டடத்துக்கும் அதே சொல். அப்புறம் ஒரு மாநிலத்தில் ஆட்சி கவிழ்ந்ததற்கும் அதே சொல். பேச்சுவார்த்தை முறிந்ததற்கும் அதே சொல். வெயிலில் மயங்கி விழுந்த ஓட்டப்பந்தய வீரருக்கும் அதே சொல். அகராதியில் 'இடிந்து விழு' என்று மனப்பாடம் செய்தவன், மனிதர் மயங்கி விழுந்த செய்தியைப் பார்த்து விழிப்பான். ஐந்து இடத்தில் சந்தித்தவன் விழிக்க மாட்டான். திடீரென்று, தாங்குகிற பலம் போய், அப்படியே சரிவது என்ற உள்ளர்த்தம் அவனுக்குச் சொல்லாமலே பிடிபட்டிருக்கும்.

இன்னொன்றும் சேர்ந்து கிடைக்கும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்ற பழக்கம். நாம் 'ஸ்ட்ராங் காபி' என்கிறோம். 'ஸ்ட்ராங் ரெயின்' என்று ஆங்கிலத்தில் வராது; மழைக்கு 'ஹெவி'தான். தவறு செய்தேன் என்பதற்கு 'டிட்' என்று போட்டால் அது இன்னொரு தவறு. அங்கே 'மேட்' வர வேண்டும். இதற்கெல்லாம் விதி ஏது? ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினாலும் காரணம் கிடைக்காது. ஐம்பது தடவை கண்ணில் பட்டால், தப்பாகச் சொல்லும்போது நமக்கே உறுத்தும். அவ்வளவுதான்.

வாசிப்பிலேயே சொல் வரும் என்பதற்குச் சோதனை ஏதாவது உண்டா என்று கேட்டால், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. அந்தோணி பர்ஜெஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1962இல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' என்ற நாவலை எழுதினார். ரவுடிப் பையன்களின் கதை. (மாணவச் செல்வங்கள் உடனே ஓடிப்போய் எடுக்க வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம் இல்லை அது.) அந்தப் பையன்கள் பேசுவதற்கென்று பர்ஜெஸ் ஒரு கொச்சை மொழியையே உருவாக்கினார். பெரும்பாலும் ரஷ்ய மொழியிலிருந்து எடுத்த சொற்கள். நண்பனுக்கு 'ட்ரூக்', பாலுக்கு 'மொலோகோ', இப்படி 241 சொற்கள்.

1978இல் சரகி, நேஷன், மைஸ்டர் என்ற மூவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, ரஷ்ய மொழி அறியாத வாசகர்கள் சிலரிடம் இந்த நாவலைக் கொடுத்தார்கள். பின்னால் சொல்லகராதி இணைக்காத பிரதி. 'படித்துவிட்டு வாருங்கள், கதையைப் பற்றிக் கேள்வி கேட்போம்' என்று மட்டும் சொன்னார்கள். சொல்லைக் கவனியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில நாள் கழித்து வந்தவர்களிடம் திடீரென்று அந்தக் கொச்சைச் சொற்களில் 90ஐ எடுத்து, பொருள் தேர்ந்தெடுக்கும் தேர்வு வைத்தார்கள். சராசரியாக 76 சதவீதம் சரியான விடை! யாரும் மனப்பாடம் செய்யவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. கதை போன போக்கில் போனார்கள், சொல் ஒட்டிக்கொண்டது. அதிகத் தடவை வந்த சொற்கள் அதிகமாக ஒட்டின.

இதை நான் ஊதிப் பெருக்க விரும்பவில்லை. அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி. அந்த 241 சொல்லைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். விடையும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வகை. ஆனால் நான் சொல்ல வருவதற்கு அதுவே சாட்சி. மற்றதெல்லாம் தெரிந்ததால்தான் தெரியாததைப் பிடிக்க முடிந்தது.

'அவர்கள் வெள்ளைக்காரர்கள், நம்மைப் போன்றவர்களுக்கு நடக்குமா?' நியாயமான கேள்வி. அதற்குத்தான் உங்களைப் பிஜித் தீவுக்கு அழைத்துப் போகிறேன். ஆமாம், கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாரதியார் உருகிப் பாடினாரே, அதே பிஜி. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அங்கே ஆட்களைக் கப்பலேற்றினார்கள். அந்தத் தீவின் கிராமப்புறப் பள்ளிகளில் 1980இல் ஒரு சோதனை தொடங்கியது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் நடத்தியது. 'புத்தக வெள்ளம்' என்று அதற்குப் பெயர்.

வீட்டில் பிஜி மொழியோ இந்தியோ பேசுகிற பிள்ளைகள். நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் மட்டும். பள்ளியிலோ புத்தகம் என்று பெயருக்குத்தான் ஏதோ இருக்கும். வழக்கமான ஆங்கிலப் பாடம் எப்படி நடந்தது? ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து திருப்பிச் சொல்ல, ஒரு சொல்லை மாற்றி மறுபடி சொல்ல. நமக்குத் தெரியாததா? நாமும் அப்படிக் கத்திப் படித்தவர்கள்தானே.

எல்லியும் மங்குபாயும் என்ன செய்தார்கள்? சொல்லித்தருவதற்குப் புது வாத்தியார் கொண்டுவந்தார்களா? இல்லை. எந்திரம் கொண்டுவந்தார்களா? இல்லை. எட்டுப் பள்ளிகளின் வகுப்பறைகளில் வகுப்புக்கு 250 கதைப் புத்தகங்களை இறக்கினார்கள். படம் போட்ட, சுலபமான, சுவாரசியமான கதைகள். சில வகுப்புகளில் ஆசிரியர் பெரிய புத்தகத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு வாசிப்பார். பிள்ளைகள் சேர்ந்து வாசிப்பார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று பேசுவார்கள், நடித்துப் பார்ப்பார்கள். வேறு சில வகுப்புகளில் அதுவும் கிடையாது. தினமும் இருபது, முப்பது நிமிஷம். விரும்பிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் படிக்க வேண்டும். ஆசிரியரும் தன் மேஜையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பார். படித்து முடித்ததும் கேள்வி உண்டா? கிடையாது. சுருக்கம் எழுத வேண்டுமா? வேண்டாம். மார்க் உண்டா? கிடையாது.

நம் பெற்றோர் யாராவது அந்த வகுப்பு வழியே நடந்து போயிருந்தால், 'என்ன சார், பிள்ளைகள் கதை படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள், பாடம் எப்போது நடத்துவீர்கள்' என்று கேட்டிருப்பார்கள்.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தார்கள். கதை படித்த 380 பிள்ளைகள் ஒரு பக்கம். வழக்கமான முறையில் படித்த 234 பிள்ளைகள் ஒரு பக்கம். வாசித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் கதை படித்தவர்களின் முன்னேற்றம் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு! அதோடு விடவில்லை. இருபது மாதம் கழித்து மறுபடி பார்த்தார்கள். வித்தியாசம் இன்னும் கூடியிருந்தது. யாரும் தனியாகச் சொல்லித்தராத மற்ற மொழித் திறன்களுக்கும் அது பரவியிருந்தது. இலக்கண வாக்கியத்தைக் கத்திக் கத்திச் சொன்ன பிள்ளைகளைவிட, அணிலும் முதலையும் பேசுகிற கதை படித்த பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் எழுந்து கேட்பார்: "அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் சிறையில் அகராதியை எழுதித்தானே ஆங்கிலம் கற்றார்?" எழுதினார். மறுக்கவில்லை. ஆனால் நம் மேடைகளில் அந்தக் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊர்ச் சிறை. 1940களின் கடைசி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட இளைஞர். கடிதம் எழுத நினைக்கிறார், சொல் வரவில்லை. புத்தகத்தை எடுக்கிறார், வாக்கியத்துக்கு வாக்கியம் தெரியாத சொல். தாவித் தாவிப் போனால் ஒன்றும் விளங்கவில்லை. நம் பையனின் அதே நிலைமை! சிறையில் ஒரு அகராதியும் எழுதுவதற்குத் தாள் கட்டுகளும் வாங்கி, முதல் பக்கத்தை நிறுத்தற்குறி உட்பட அப்படியே எழுதுகிறார். ஒரு நாள் முழுக்க ஆகிறது. எழுதியதைத் தனக்குத் தானே சத்தமாகப் படிக்கிறார். அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று அகராதி முழுவதும் போகிறார். இதுவரைதான் நாம் சொல்கிறோம்.

அதற்குப் பிறகு என்ன செய்தார்? வாசித்தார். சிறை நூலகத்தில் இருந்த வரலாறு, தத்துவம் எல்லாவற்றையும் வாசித்தார். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அறைக்கு வெளியே வராந்தா விளக்கின் மங்கலான வெளிச்சம் தரையில் விழும். அங்கே உட்கார்ந்து படிப்பார். மணிக்கு ஒருமுறை காவலர் ரோந்து வரும் காலடிச் சத்தம் கேட்டால் படுக்கையில் பாய்ந்து தூங்குவது போல் கிடப்பார். போனதும் மறுபடி தரைக்கு வருவார். விடியற்காலை மூன்று, நான்கு வரைக்கும் இப்படி. 1965இல் வந்த அவருடைய தன்வரலாற்றில் இவ்வளவும் இருக்கிறது. அகராதி அவரை 80லிருந்து மேலே தூக்கிவிட்டது, சரி. அந்தச் சொற்களை அவருடைய சொற்களாக ஆக்கியது இரவுகளின் வாசிப்பு. தவிர, அகராதி அத்தனையும் எழுதி முடிக்க அவருக்குச் சிறை கிடைத்தது. நமக்கு அந்த வசதி வேண்டாம்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. சென்னையில் 1906இல் பிறந்த ஆர்.கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, ஒரு வருஷம் மைசூரில் வீட்டோடு இருந்தார். அப்பா தலைமை ஆசிரியர், பள்ளி நூலகம் கைக்கெட்டும் தூரத்தில். அந்த ஒரு வருஷமும் வாசிப்புதான். 1935இல் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வந்தது. அவருடைய ஆங்கிலத்தைப் பாருங்கள், அகராதியைத் தேட வைக்கிற சொல் எத்தனை இருக்கிறது? எளிமைதான் அவருடைய பலம்.

சரி, நாளைக்குக் காலையில் என்ன செய்வது? இந்த நூலகத்திலேயே தொடங்கலாம். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்று 1931இல் விதி வகுத்தவர் நம் சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். உங்களுக்கு உரிய புத்தகம் எது என்று கண்டுபிடிக்கக் கை விரலே போதும். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படியுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடியும் முன்பே ஐந்து விரலும் மடங்கிவிட்டதா? மரியாதையாக அலமாரியில் திருப்பி வைத்துவிடுங்கள். இதைவிடச் சுலபமானது பக்கத்திலேயே இருக்கும். ஏறத்தாழ 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து என்றால், அது வெஸ்ட் சொன்ன ஐம்பதுக்கு ஒன்றுதான்.

'டிங்கிள்' இருக்கிறது, சுப்பாண்டியைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்? 'அமர் சித்திரக் கதை' இருக்கிறது. மகாபாரதக் கதை நமக்குப் பாட்டி சொல்லித் தெரியும். கர்ணனுடைய தேர்ச் சக்கரம் புதைந்த படத்துக்குப் பக்கத்தில் என்ன சொல் இருந்தாலும் அர்த்தம் ஓடிவந்துவிடும். 'ஆக்ஸ்போர்டு புக்வோர்ம்ஸ்' என்ற வரிசை இருக்கிறது. முதல் படியில் 400 அடிப்படைச் சொற்களுக்குள் கதை, பிறகு 700, பிறகு 1,000, ஆறாம் படியில் 2,500. ரஸ்கின் பாண்டின் கதைகள் இருக்கின்றன. மேட்ச் பார்த்த மறுநாள் பேப்பரின் விளையாட்டுப் பக்கம் இருக்கிறது. தலையங்கம் அங்கேயே இருக்கட்டும், ஓடிப்போய்விடாது.

இதில் ஒரே ஒரு தடை வரும். அது கூச்சம். கல்லூரியில் படிக்கிற பிள்ளை, வேலைக்குப் போகிற ஆள், குழந்தைப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நினைத்துக்கொள்ளட்டும். தம்பிக்கு எடுத்துப் போகிறேன் என்று சொல்லுங்கள். பொய்தான், போகட்டும். பெற்றோர்களே, உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளை கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, 'படிக்கிற வேலையைப் பார்' என்று சொல்லாதீர்கள். அதுதான் படிக்கிற வேலை. என்ன புரிந்தது சொல் என்று நிறுத்திக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு கதை செத்துப்போகும்.

அகராதியை என்ன செய்வது? தூக்கி எறியச் சொல்லவில்லை. படிக்கும்போது மூடி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். தெரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள். அதே சொல் மூன்றாம் தடவை வந்து வழிமறித்தால், அதன் அடியில் ஒரு கோடு. (நூலகர் முறைக்கிறார், சரி, தனித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.) அத்தியாயம் முடிந்த பிறகு அந்த இரண்டு, மூன்று சொல்லை மட்டும் அகராதியில் பாருங்கள். அப்போது ஐந்து அர்த்தத்தில் எது பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும், ஏனென்றால் கதை தெரியும்.

தினமும் இருபது நிமிஷம் போதும். நிமிஷத்துக்கு நூறு சொல் என்ற மெதுவான வேகத்தில் போனாலும் நாளுக்கு 2,000 சொல். ஒரு வருஷத்துக்கு 7,30,000. ஏறக்குறைய ஒரு டஜன் சிறிய நாவல்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இன்று சந்தித்த சொல்லை நாளையோ நாளை மறுநாளோ மறுபடி சந்தித்தால்தான் அடையாளம் தெரியும். ஒரு வாரம் விட்டுவிட்டால் அது மறுபடி அந்நியம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் எல்லோரும் கேட்கத் துடிக்கிற கேள்வி. பேச்சு எப்போது வரும்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பு முதலில் தருவது, கண்டால் புரிந்துகொள்கிற சொல். எடுத்துப் பேசுகிற சொல் அதற்குப் பின்னால்தான் வரும். ஆறு மாதம் படித்துவிட்டு 'இன்னும் சரளமாகப் பேச முடியவில்லையே' என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பிஜிப் பிள்ளைகளுக்கும் எட்டு மாதத்தில் வாசிப்பும் கேட்டலும்தான் கூடின. மற்றத் திறன்களுக்கு அது பரவியதைப் பார்க்க இருபது மாதம் ஆயிற்று. அதுவும் தினமும் படித்த பிள்ளைகளுக்கு. ஆகவே இந்த வருஷக் கடைசியில் யாராவது உங்களை ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் கூச்சமில்லாமல் சொல்லுங்கள்: அடுத்த வருஷம் பேசுகிறேன், இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் நூலகரைப் பாருங்கள், படிவம் வைத்திருக்கிறார்.